உட்கார்ந்தபடியே ஒரு சர்ஜன்

வேலூர் சி.எம்.சி.யைத் தெரியாதவர் நம்மில் குறைவு. ஆனால் ஊருக்குச் சற்று வெளியே பாகாயத்தில் அதற்கு ஒரு மறுவாழ்வு மையம் இருப்பது தெரியுமா நண்பர்களே? முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், தலையில் அடிபட்டவர்கள் மாதக்கணக்கில் தங்கி, மறுபடி வாழக் கற்றுக்கொள்கிற இடம் அது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸுக்கே இரண்டு கால்களும் செயலிழந்திருந்தன.

1925-இல் கேரளத்தில் பிறந்தவர். வேலூரில் எம்.பி.பி.எஸ். முடித்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற ஆசையோடு அங்கேயே வேலை பார்த்தார். 1954 ஜனவரி 30. இளம் டாக்டர்கள் சேர்ந்து வேனில் உல்லாசப் பயணம் கிளம்பினார்கள். முன்னால் போன பஸ்ஸை முந்தப் போய் வண்டி கவிழ்ந்தது. முகம் கிழிந்தது, தண்டுவடமும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 28.

உயிர் பிழைத்தாச்சு, அப்புறம் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. கதையே அங்கேதான் ஆரம்பிக்குது. தண்டுவடம் அறுந்தால் நடக்க முடியாது என்பது மட்டும்தான் வெளியே தெரியும். உணர்ச்சியும் போய்விடுவதால், ஒரே பக்கம் படுத்திருந்தால் தோலுக்கு ரத்தம் நின்று புண்ணாவதுகூட ஆளுக்குத் தெரியாது. நாம தூக்கத்துலகூட நம்மை அறியாம புரண்டு படுக்கிறோமே, அந்த வேலையை இன்னொருவர் ராத்திரி பகலா மணி பார்த்துச் செய்யணும். சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாது. கவனிக்காவிட்டால் கிருமி ஏறிச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். அந்தக் காலத்தில் இப்படி அடிபட்ட பலரைக் கொன்றது விபத்து அல்ல, பின்னால் வந்த புண்ணும் கிருமியும்தான்.

மேரிக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்து என்ன செய்வது? அதற்கு வழி காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்வதில் பேர் பெற்ற சர்ஜன். கை அறுவை சிகிச்சையை சர்ஜன்கள் பெரும்பாலும் உட்கார்ந்துதான் செய்கிறார்கள். அப்புறம் சக்கர நாற்காலி எப்படித் தடையாகும்? எவ்வளவு எளிய கணக்கு பாருங்க! நரம்பு செத்து விரல் மடங்கிவிட்டால், நன்றாக வேலை செய்யும் வேறொரு தசையின் நாரை விரலுக்குத் திருப்பிவிட வேண்டும். மெக்கானிக்கல் பசங்களுக்குச் சட்டென்று புரியும். அந்தக் கலையைக் கற்று, தொழுநோயாளிகளின் கைகளுக்கு மேரி அறுவை சிகிச்சை செய்தார்.

அதோடு நின்றிருந்தாலே பெரிய வாழ்க்கைதான். ஆனால் தன் சிகிச்சைக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போன இடத்தில், தன்னைப் போன்றவர்கள் தாங்களே எழுந்து, உடுத்தி, வேலைக்குப் போவதைப் பார்த்தார். நம் ஊரில் அதே நிலையில் இருப்பவர்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும்தானே கிடைக்கிறது? பிறகு நியூயார்க் சென்று, மறுவாழ்வு மருத்துவத்தில் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். திரும்பி வந்து சி.எம்.சி.யில் அந்தத் துறையின் தலைவரானார். 1966-இல் பாகாயம் மையம் திறக்கப்பட்டது.

வெளிநாட்டு முறையை அப்படியே இங்கே இறக்கினால் வேலைக்கு ஆகாது. வழவழப்பான ஆஸ்பத்திரித் தரையில் சக்கர நாற்காலி ஓட்டப் பழகியவர், வீட்டுக்குப் போனால் மண் தரையும் உயரமான வாசற்படியும்தான். வீட்டிலேயே நர்ஸ் வைத்துக்கொள்ள எத்தனை பேருக்கு வசதி? அதனால் அம்மா, மனைவி, தம்பி என்று கூட இருப்பவர்களுக்கும் அங்கே பயிற்சி உண்டு: எப்படித் தூக்குவது, தோலை எங்கே பார்ப்பது, சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாகக் கையாள்வது. எனக்கு அறுவை சிகிச்சையைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-இல் மறைந்தார். பாகாயத்தில் இன்றும் பழைய நோயாளிகளுக்காக ‘ரீஹேப் மேளா’ நடக்கிறது. எப்போதோ டிஸ்சார்ஜ் ஆனவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். டாக்டர்கள் உடம்பைச் சோதிக்கிறார்கள். அது முடிந்ததும் விளையாட்டுப் போட்டிகள் ஆரம்பம்.