வாவிக்குக் காதுகொடுத்த துரை

1848 செப்டெம்பரில் ஓர் இரவு, நிலவு எழுந்த பிறகு, மட்டக்களப்பு வாவியில் ஒரு வள்ளம் போனது. பழைய ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரேயுள்ள துறையை ஒட்டிய நீர்ப்பரப்பு அது. வள்ளத்தில் இருந்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், இலங்கையின் குடியேற்றச் செயலாளர். தேசாதிபதிக்கு அடுத்த நாற்காலி அவருடையது. வாவியின் அடியிலிருந்து இசை எழுகிறது என்று கேள்விப்பட்டு, அதைத் தன் காதால் கேட்க வந்திருந்தார். கூட்டிச் சென்றவர்கள் நமது மீனவர்கள்.

அவர் கேட்டார். ஒரே நீண்ட ஒலியாக அது இருக்கவில்லை. மெல்லியதும் தடித்ததுமான பல சிற்றொலிகள் ஒன்றோடொன்று கலந்து வந்தன. வள்ளத்தின் பலகையில் காதை வைத்தபோது ஒலி கூடியது. வள்ளம் இடம் மாறமாற அதுவும் மாறியது. இவற்றையெல்லாம் 1859இல் வெளிவந்த, இலங்கை பற்றிய தனது இரண்டு பாக நூலில் எழுதினார். மீன்பாடும் தேன்நாடு என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பெயருக்கு வெளியுலகில் கிடைத்த புகழில் அந்தச் சில பக்கங்களுக்குப் பெரிய பங்குண்டு. இத்தனைக்கும் பாடுவது மீன்தான் என்று அவர் அறுதியிடவில்லை. ஊரி, சிப்பி வகையாக இருக்கலாம் என்ற பக்கமே சாய்ந்தார்.

அந்த எண்ணமும் அவருடையதல்ல. ஒலி ஊரியிலிருந்து வருகிறது என்று சொன்னவர்கள் மீனவர்கள். ஊரிகளை அள்ளிவந்து காட்டியவர்களும் அவர்களே. கோடையில்தான் கேட்கும், மாரி வெள்ளம் வாவிக்குள் இறங்கினால் நின்றுவிடும் என்பதையும் அவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். அழும் ஊரி என்று பொருள்படும் ஒரு தமிழ்ப் பெயரை அவர்கள் வாயிலிருந்து கேட்டு, காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் குறித்துவைத்தார். இன்று நான் அதை உரக்க வாசித்துத் தமிழுக்குத் திருப்பப் பார்க்கிறேன். முதல் சொல் மட்டும் தெளிவாக நிற்கிறது: ஊரி. மற்றவை கரைந்துவிட்டன. தகவல் எழுதி அனுப்பிய வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் அந்த நூலில் உண்டு. வள்ளம் வலித்தவர்களின் பெயர்கள் இல்லை.

யார் இந்த ரெனன்ற்? அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் 1804இல் ஒரு புகையிலை வணிகரின் மகனாகப் பிறந்தவர். அப்போது வெறும் ஜேம்ஸ் எமர்சன். இருபதுகளில் கிரேக்கத்துக்குப் போனார். ஒட்டோமான் பேரரசுக்கு எதிராக கிரேக்கர்கள் ஆயுதம் தூக்கியிருந்த காலம் அது. அவர்களின் விடுதலைக்கு ஆதரவாக நூல்கள் எழுதினார். 1831இல் வில்லியம் ரெனன்ற் என்ற பெல்பாஸ்ற் வங்கியாளரின் மகளை மணந்து, அடுத்த ஆண்டு மாமனார் இறந்ததும் அவருடைய குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அந்த மாமனார் லேசுப்பட்டவர் அல்ல. பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1798ஆம் ஆண்டு ஐரிஷ் எழுச்சியில் சம்பந்தப்பட்டவர் என்று பிடிக்கப்பட்டு, வழக்கு விசாரணையின்றி சில ஆண்டுகள் கோட்டைச் சிறையில் கிடந்தவர்.

மருமகனின் பாதை வேறு. 1832இல் பாராளுமன்றத்துக்குப் போனார், 1845இல் சேர் பட்டம் பெற்றார், அதே ஆண்டு கொழும்புக்கு நியமனமானார். கோப்பி விலை விழுந்து அரச வருமானம் ஆட்டம் கண்டிருந்த நேரம். நேரடி வரி வேண்டும் என்று அறிக்கை எழுதினார். பின்னர் தேசாதிபதி ரொறிங்ரன் பிரபு துப்பாக்கிக்கு, நாய்க்கு, கடைக்கு என்று வரி போட்டார். வீதி வேலைக்கு ஆண்டுக்கு ஆறு நாள் உடலுழைப்பு, இல்லாவிட்டால் காசு. 1848 யூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் சனம் எழுந்தது. உடனே இராணுவச் சட்டம் வந்தது. புரன் அப்பு ஓகஸ்ற் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குடாபொல தேரர் காவியுடையோடே சுடப்பட்டார். அரசனாக முடிசூட்டப்பட்டிருந்த கொங்காலேகொட பண்டா பிடிபட்டது அதே செப்டெம்பரில்.

ரெனன்ற் நமது வாவியில் காது வைத்திருந்த செப்டெம்பர். இராணுவச் சட்டம் ஒக்ரோபர் வரை நீக்கப்படவில்லை.

வாவி பற்றிய அவரது பக்கங்களை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். அழகான எழுத்து, மறுக்கமாட்டேன். ஆனால் அந்தத் திகதியைக் கடந்து போக என்னால் முடிவதில்லை. கிரேக்கனின் எழுச்சியை விடுதலை என்று எழுதிய கை, மாமனாரின் சிறைக்கதை ஓடும் வீடு, இவற்றோடு வந்தவர் மாத்தளைச் சனத்தின் கோபத்தை ஒரு நிர்வாகச் சிக்கலாகவே பார்த்தார். நூலில் யானைக்கும் மீனுக்கும் கிடைத்த பொறுமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் தலைமுறைக்கு இந்த வாவி வேறு விதமாக அறிமுகமானது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த நீர், போர்க்காலத்தில் எல்லைக்கோடாக இருந்தது. எழுவான்கரையில் இராணுவம், படுவான்கரையில் இயக்கம், 2007 வரை. இரவில் வள்ளம் இறக்குவது உயிரோடு விளையாடுவது. மீன் பாடும் நேரமோ இரவு. ஆகவே மீன்பாடும் தேன்நாட்டில் பிறந்த என் வயதுக்காரர் பலர் அந்தப் பாட்டைப் பாடப்புத்தகத்திலும் கச்சேரி வளைவிலும் மட்டுமே அறிந்தவர்கள். விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் நீரரமகளிர் என்று இந்த இசைக்கு இடம் கொடுத்தபோது, வாவிக்கரையில் இரவில் நிற்பதற்கு யாரும் பயப்பட்டிருக்கமாட்டார்கள்.

போரில் வள்ளமும் வலையும் போயின. மிஞ்சியதில் பாதியை 2004 ஆழிப்பேரலை கொண்டுபோனது. கரையில் நின்று தூண்டில் எறிவது அப்படிப் போனவர்களுக்குக் கைகொடுத்தது. இப்போது கல்லடிப் பக்கம் இளந்தாரிகள் ரீல் பூட்டிய தடியோடு நிற்கிறார்கள். இரை குத்துவதில்லை. கரண்டியின் குழிப்பக்கம் போல வளைந்த மினுங்கும் தகடு ஒன்று, அதன் வாலில் முக்கொளுக்கி. தூர வீசி, கொஞ்சம் தாழவிட்டு, இழுத்து இழுத்துச் சுற்றவேண்டும். நீருக்குள் அது புரண்டு மினுங்கும்போது, காயப்பட்ட சின்ன மீன் என்று கொடுவாவும் பாரையும் பாய்ந்து கவ்வும். மேல்நாடுகளில் செமன் மீனுக்குக் கரையில் நின்று எறிவதும் இதே தகடுதான். இரவு நேரத்தில் யாரும் வந்து அடையாள அட்டை கேட்பதில்லை என்பதே அவர்களுக்குப் பெரிய விசயமாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது.

ரெனன்ற்றின் கதையை முடித்துவிடுகிறேன். எழுச்சியை அடக்கிய விதம் பற்றி லண்டனில் பாராளுமன்ற விசாரணைக்குழு அமர்ந்தது. ரொறிங்ரனும் அவரும் 1850இல் இலங்கையை விட்டுப் போனார்கள். ஆனால் அவருக்கு வேலை பறிபோகவில்லை. வர்த்தக சபையின் செயலாளராகப் பதினைந்து ஆண்டுகள் இருந்தார். சார்ள்ஸ் டிக்கின்ஸ் தனது கடைசி முழு நாவலை 1865இல் அவருக்குத்தான் சமர்ப்பித்தார். 1867இல் இன்னொரு பட்டம். 1869 மார்ச்சில் லண்டனில் இறந்தார்.

வாவியின் ஒலியை 1950களில் புனித மிக்கேல் கல்லூரியோடு தொடர்புடைய யேசுசபைத் துறவி லாங் அடிகளார் ஒலிப்பதிவு செய்தார். பாடுவது எது என்பதில் இன்னும் இணக்கம் இல்லை. கேட்க விரும்புபவர்கள் மாரிக்கு முன், பூரணையை ஒட்டிய நாட்களில், கல்லடிப் பக்கம் வள்ளத்தில் போகலாம். துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைக்கச் சொல்கிறார்கள் மீனவர்கள். வள்ளக்காரரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.