இருப்புப்பாதைக்குச் சிறுவரை அழைத்தவர்

கோடை விடுமுறையில் நெடுந்தொலைவு பயணம் செய்து பாட்டி வீட்டுக்குச் செல்லும் உங்களுக்குத் தொடர்வண்டியும் இருப்புப்பாதையும் கைகாட்டியும் புதியவை அல்ல. அவற்றையெல்லாம் சிறிய அளவில் செய்து வீட்டுக்குள் ஓட்டி மகிழ்வதும் ஒரு பொழுதுபோக்கு. அதற்குள் எண்ணற்ற சிறுவர்களை ஈர்த்தவர் பிராங்க் ஹார்ன்பி.

ஹார்ன்பி 1863ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டின் லிவர்பூல் நகரில் பிறந்தார். இறைச்சி இறக்குமதி செய்யும் ஒரு வணிகரிடம் கணக்கெழுதி வந்தார். பொறியியல் கற்றவர் அல்லர். தம் மகன்களுக்காக உலோகத் தகட்டை நறுக்கி, அரை அங்குல இடைவெளியில் துளையிட்டு, திருகாணியால் இணைத்துப் பாலமும் பாரந்தூக்கியும் செய்தார். ஒரே தகட்டை இன்று பாலத்திலும் நாளை வண்டியிலும் பயன்படுத்தலாம் என்பதே இதன் சிறப்பு. 1901இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கான பணம் கையில் இல்லாதபோது கடன் கொடுத்து உதவியவர் அவருடைய முதலாளியே. பின்னர் இவ்விளையாட்டுப் பொருள் ‘மெக்கானோ’ என்னும் பெயரால் உலகெங்கும் புகழ்பெற்றது.

முதல் உலகப் போருக்கு முன்னர், பொம்மைத் தொடர்வண்டிகள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தே இங்கிலாந்துக்கு வந்தன. போர் முடிந்தபின் 1920இல் ஹார்ன்பி தம் தொடர்வண்டியை வெளியிட்டார். சாவி கொடுத்தால் ஓடும் அதனை, மெக்கானோவைப் போலவே கழற்றி மீண்டும் பூட்டலாம். மின்சாரத்தால் ஓடும் வண்டி 1925இல் வந்தது.

வண்டியை விற்பது எளிது. வாங்கிய சிறுவன் சில நாள்களில் சலித்து அதனைப் பரணில் போட்டுவிடாமல் காப்பதே கடினம். வட்டப் பாதையில் வண்டி எத்தனை முறைதான் சுற்றும்? ஹார்ன்பி இதனை நன்கு உணர்ந்திருந்தார். எனவே நிலையம், கைகாட்டி, சரக்குப் பெட்டி, கிளைப்பாதை எனத் தனித்தனியே விற்றார். சிறிதாகத் தொடங்கியவனும் பிறந்தநாளுக்கு ஒன்றாகச் சேர்த்துத் தன் இருப்புப்பாதையை வளர்க்க இயன்றது. 1916இல் தொடங்கிய ‘மெக்கானோ மேகசின்’ என்னும் இதழ் உண்மையான இயந்திரங்களைப் பற்றியும் இருப்புப்பாதைகளைப் பற்றியும் எழுதியது. 1928இல் ‘ஹார்ன்பி ரெயில்வே கம்பெனி’ என்னும் பெயரில் சிறுவர் சங்கம் ஒன்று தோன்றியது. உறுப்பினருக்குச் சான்றிதழும் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னமும் கிடைத்தன. ஊர்தோறும் கிளைகள் எழுந்தன. தனித்தனியே விளையாடியவர்கள் ஒன்றுகூடி, ஒருவர் நிலைய அதிகாரியாகவும் மற்றொருவர் கைகாட்டி இயக்குபவராகவும் இருந்து, கால அட்டவணைப்படி வண்டிகளை ஓட்டினர். புதியவர் ஒருவரை இழுப்பதற்குத் தோழமையைவிட வலிய கயிறு வேறு எது?

வணிக நோக்கம் இதில் இல்லாமலில்லை. மேலும், அக்கால விளம்பரங்கள் ஆண் பிள்ளைகளையே பெரிதும் நோக்கிப் பேசின. பெண் பிள்ளைகளையும் அவ்வாறே அழைத்திருந்தால் இச்சங்கம் இன்னும் பெருகியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஹார்ன்பி 1931 முதல் 1935 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார், 1936இல் மறைந்தார். பெரிய வண்டிகளை ஓட்டச் சிறிய வீடுகளில் இடம் போதாது என்னும் குறை அதுவரை தீரவில்லை. 1938இல் அவருடைய நிறுவனம் ஏறத்தாழப் பாதியளவான ‘ஹார்ன்பி டப்ளோ’ வண்டியை வெளியிட்டது. அதன் தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர்தான் இடைவெளி. இனிச் சாப்பாட்டு மேசையே போதும். உணவு வேளையில் மட்டும் தண்டவாளத்தை எடுத்துவைக்க வேண்டியிருந்தது.