சங்கிலி மூலக்கூறுகளை ஆராய்ந்த போல் புளோரி

நாம் உடுக்கும் நைலோன், வண்டியின் இறப்பர்ச் சில்லு, பொலித்தீன் பை யாவும் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனவை. பல்பகுதியம் எனப்படும் இச்சங்கிலி ஒன்றிலே பல்லாயிரம் கண்ணிகள் இருத்தல் கூடும். இடம் நெருங்கும்போது அது எவ்வடிவம் கொள்ளும் என்பதைக் கணித்துக் காட்டியவர் போல் புளோரி.

1910ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள ஸ்ரேர்லிங் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தையார் மதபோதகர், தாயார் ஆசிரியையாக இருந்தவர். 1934இல் கலாநிதிப் பட்டம் பெற்று, டியூபொன்ட் நிறுவனத்தில் கறோதேர்ஸ் என்னும் அறிஞரின் குழுவிற் சேர்ந்தார். நைலோன் பிறந்தது அக்குழுவிலேயே. 1937இல் கறோதேர்ஸ் மறைந்தார். அவர் காட்டிய துறையைப் புளோரி கைவிடவில்லை.

திரவத்திலே தனித்துக் கிடக்கும் சங்கிலி நூற்பந்து போலச் சுருண்டிருக்கும். ஒரு கண்ணி உள்ள இடத்தில் மற்றொன்று இருத்தல் இயலாது. ஆதலால் கண்ணிகள் ஒன்றையொன்று விலக்க, பந்து பருக்கும். பருத்த சங்கிலியோ மீளச் சுருங்க முயலும். இவ்விரண்டும் சமனாகும் நிலையைப் புளோரி 1949இல் கணித்தார். விலக்கலே இல்லாத கற்பனைச் சங்கிலியில் கண்ணிகளை நான்கு மடங்காக்கினால் பந்தின் அகலம் இரு மடங்காகும். அவர் கணக்கின்படி அது 4இன் 0.6ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 2.3 மடங்கு. (உயர்வகுப்பு மாணவர் சரிபார்த்துக்கொள்க.)

திரவத்தை நீக்கிவிட்டு, சங்கிலிகளை மட்டும் இடியப்பம் போல நெருக்கி வைத்தால்? ஒவ்வொன்றும் நசுங்கும் என்றே நானும் வகுப்பிற் கூறியிருப்பேன். அயற் சங்கிலிகள் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒத்த அளவில் நெருக்குவதால், பருக்கச் செய்த விலக்கலின் விளைவு அற்றுப்போய், ஒவ்வொரு சங்கிலியும் தன் இயல்பான சுருளையே மீளப் பெறும் என்றார் புளோரி. பலர் ஐயுற்றனர். 1970களில் நியூத்திரன் சிதறல் ஆய்வுகள் அவர் கூற்றை மெய்ப்பித்தன. 1974இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அப்பரிசு தந்த புகழை, சோவியத் ஒன்றியத்தில் ஒடுக்கப்பட்ட விஞ்ஞானிகளுக்காகக் குரல் கொடுப்பதில் அவர் செலவிட்டார். கோர்க்கி நகரில் அடைபட்டிருந்த சகாரோவின் துணைவியார் எலேனா பொன்னர் மருத்துவத்திற்காக வெளிநாடு செல்ல இடமளிக்குமாறு கோரி, அதற்குப் பிணையாகத் தம்மையே பணயம் வைக்க முன்வந்தார். அப்போது அவர் எழுபதைக் கடந்தவர். அகதியாய் வந்த எனக்கு அவருடைய சூத்திரங்களினும் இச்செயலே நெஞ்சில் நிற்கிறது.

1985 செப்டெம்பரில், கலிபோர்னியாவிலுள்ள பிக் சேர் என்னுமிடத்தில் புளோரி காலமானார். பொன்னர் சிகிச்சைக்காகப் புறப்பட முடிந்தது அவ்வாண்டு டிசெம்பரில்.