எஸ்எஸ்ஹெச்சுக்கு 22 கொடுத்தது யார்? இணையத்தின் கணக்குப்பிள்ளை ஜான் போஸ்டல்

லினக்ஸ் சர்வர் பார்க்கிறவர்களுக்கு 22, 25, 53, 80 எல்லாம் வீட்டுக் கதவு எண் மாதிரி மனப்பாடம். எஸ்எஸ்ஹெச் என்றால் 22, மெயிலுக்கு 25, டொமைன் பெயர் தேட 53. சந்தேகம் வந்தால் சர்வரின் இடிசி டைரக்டரியில் சர்வீசஸ் என்ற ஃபைலைத் திறந்தால் பட்டியல் இருக்கும். அந்த எண்களை ஒதுக்கும் வேலையைப் பல வருஷம் சுமந்தவர் ஜான் போஸ்டல்.

1943-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். நீளத் தாடி, காலில் எப்போதும் செருப்பு. அவர் யுசிஎல்ஏ-வில் மாணவராக இருந்தபோதுதான், 1969-ல், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் முதல் இணைப்பு அங்கே வந்தது. கூட இருந்த வின்ட் செர்ஃப், ஸ்டீவ் கிராக்கர் இருவரும் அவர் படித்த அதே பள்ளியில் படித்தவர்கள்.

ஒரே கம்ப்யூட்டரில் பல சேவைகள் ஓடும்போது எதற்கு எந்த எண்? ஆளுக்கொன்று வைத்தால் குழப்பம்தான். 1972 மே மாதம் போஸ்டல் ஒரு குறிப்பு எழுதினார்: எண் கொடுக்க ஒரு அதிகாரி வேண்டும், அது நானாக இருக்கலாமா? கேள்விக்குறியோடு கேட்ட அந்த வேலை கடைசிவரை அவரை விடவில்லை.

ஆர்எஃப்சி எனப்படும் இணைய விதி ஆவணங்களைக் கிட்டத்தட்ட 30 வருஷம் எடிட் செய்ததும் அவரே. மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் எஸ்எம்டிபி விதியை 1982-ல் எழுதினார். அனுப்பும்போது கறாராக இரு, வாங்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடு என்பது அவர் சொன்ன வழி. அந்த விட்டுக்கொடுத்தலே ஹேக்கர்களுக்கு வாசல் திறக்கிறது என்று இப்போது பலர் சண்டைக்கு வருகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கு.

எஸ்எஸ்ஹெச் கதை சுவாரசியமானது. 1995 ஜூலையில் ஃபின்லாந்துக்காரர் டாட்டு இலோனென், எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவில் காலியாக இருந்த 22-ஐ மெயிலில் கேட்டார். போஸ்டலின் சகா ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் மறுநாளே கொடுத்துவிட்டார். ஃபீஸ் இல்லை, கமிட்டி இல்லை. நம்பிக்கைதான் சிஸ்டம்.

அதே வருஷம் செப்டம்பரில் காசு உள்ளே வந்தது. டாட் காம் பெயர்களைப் பதிவு செய்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம், ஒரு பெயருக்கு 2 வருஷத்துக்கு 100 டாலர் வாங்க ஆரம்பித்தது. இணையத்தின் முகவரிப் புத்தகமான முதன்மை ரூட் சர்வரும் அதன் கையில்தான் இருந்தது. மற்ற 12 ரூட் சர்வர்களும் அதைப் பார்த்துதான் காப்பி எடுக்கும். இந்தப் புத்தகம் யாருக்குச் சொந்தம்? அமெரிக்க அரசுக்கா, கம்பெனிக்கா, இன்ஜினீயர்களுக்கா?

1998 ஜனவரி 28. போஸ்டல் 8 ரூட் சர்வர் நிர்வாகிகளுக்கு ஒரு மெயில் தட்டினார்: இனி அங்கிருந்து வேண்டாம், என் இன்ஸ்டிட்யூட் மெஷினில் இருந்து காப்பி எடுங்கள். அவர்கள் மாற்றிவிட்டார்கள். அவரிடம் சட்ட அதிகாரம் கிடையாது; கேட்டது போஸ்டல், அவ்வளவுதான். உலகத்தில் ஒரு பயனருக்கும் எதுவும் தெரியவில்லை, எல்லா தளமும் வழக்கம்போலத் திறந்தது.

வாஷிங்டனுக்குத் தெரிந்துவிட்டது. அதிபர் கிளின்டனின் ஆலோசகர் ஐரா மேகசினர் கோபத்தோடு தலையிட்டார். சும்மா ஒரு சோதனைதான் என்று சொல்லி, ஒரு வாரத்துக்குள் பழையபடி மாற்றிவிட்டார் போஸ்டல். சோதனையா, எதிர்ப்பா? அமெரிக்க அரசு தன் திட்டத்தை வெளியிட இரண்டே நாள் இருந்த சமயம் அது. எதிர்ப்பு என்றுதான் எனக்குத் தோணுது.

பெயர்களையும் எண்களையும் கவனிக்க ஐகான் அமைப்பு அந்த செப்டம்பர் 30-ல் உருவானது. போஸ்டல் அதில் வேலை பார்க்கவே இல்லை என்று சொல்லலாம். அக்டோபர் 16-ம் தேதி, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால், 55 வயதில் இறந்தார். மறுநாள் செர்ஃப் எழுதிய அஞ்சலி, போஸ்டல் இத்தனை வருஷம் எடிட் செய்த அதே வரிசையில் ஓர் ஆவணமாகவே வெளியானது. அதற்கும் ஒரு எண் உண்டு: ஆர்எஃப்சி 2468.