உடையவரும் வழிபாட்டுக் கல்வியும்

பெரியோர் வரலாற்றைப் பயில்வார் அவர்தம் அருஞ்செயல்களை வியத்தலோடு அமைதல் போதாது. அச்செயல்கள் எக்குறையை நீக்கின என்பதனையும் ஆராய்தல் வேண்டும். ஸ்ரீ இராமாநுசர் வரலாற்றை அவ்வாறு ஆராயப் புகுவார்க்கு நெடுந்தொலைவிலுள்ள யவன தேசம் ஒரு துணையாகின்றது. அந்நாட்டிலும் பிற நாடுகளிலும் இக்காலத்தே சிலர், ஹோமர் முதலிய புலவர் பாடிய சீயஸ், அதீனா, அப்பல்லோ முதலிய பழந்தெய்வங்களை மீண்டும் வழிபட்டு வருகின்றனர். கிரேக்க அரசாங்கமும் 2017-ஆம் ஆண்டில் அச்சமயத்தை அறியப்பட்ட சமயங்களுள் ஒன்றாக ஏற்றது. எனினும், புதிதாக வழிபடப் புகும் ஒருவன் எதனைப் படிப்பது, எவ்வாறு வணங்குவது, யாரிடம் கேட்பது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண அவர்கள் பெரிதும் உழைக்க வேண்டியிருக்கிறது. அம்மூன்றற்கும் தம் அடியார் பொருட்டு ஒருங்கே விடை அமைத்துச் சென்றவர் இராமாநுசர். அவர் சரிதத்தை இந்நோக்குடன் சுருக்கமாக ஈண்டு வரைவாம்.

காஞ்சிக்கும் சென்னைக்கும் இடையே உள்ள ஸ்ரீபெரும்பூதூரில், கேசவ சோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் புதல்வராக, கி. பி. 1017-இல், சித்திரைத் திருவாதிரையில் அவர் தோன்றினார் என்பது மரபு. தாய்மாமனாகிய பெரிய திருமலைநம்பி அவருக்கு இளையாழ்வார் என்று பெயரிட்டார். உரிய பருவத்தில் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். ஆசிரியர் உபநிடதச் சொற்களுக்குக் கூறிய பொருள் சில அவர் உள்ளத்திற்கு ஒவ்வாமையின், தாம் கண்ட பொருளைப் பணிவுடன் எடுத்துரைத்தார். அதனால் ஆசிரியரின் பகைமைக்கு ஆளாகி, காசி யாத்திரையில் உயிருக்கே ஊறு நேரவிருக்க, உடன் சென்ற கோவிந்தரால் தப்பினார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். அதன்பின் காஞ்சியில் வரதராசப் பெருமாளுக்கு நாடோறும் திருமஞ்சன நீர் கொணரும் தொண்டினை மேற்கொண்டார். அந்தணரல்லாத திருக்கச்சிநம்பியைத் தம் குருவாகவே மதித்தார். கல்வியில் தலைநின்ற ஒருவர், குலத்தை நோக்காது, அன்பில் தலைநின்ற ஒருவரிடம் கற்க விழைந்தமை கருதத்தக்கது.

அக்காலத்தில் திருவரங்கத்தில் ஆளவந்தார் என்னும் ஆசாரியர் விளங்கினார். அவர்தம் பாட்டனாராகிய நாதமுனிகள், வழக்கொழிந்து கிடந்த ஆழ்வார்கள் பாசுரங்களைத் தேடித் தொகுத்து, இசையோடு ஓதும் நெறியை மீட்டவர். ஆளவந்தார் அழைக்க இராமாநுசர் அரங்கம் சென்றபோது, அப்பெரியார் உயிர் நீத்திருந்தார். திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. வேதாந்த சூத்திரங்களுக்கு உரை காண்டல், வியாச பராசரர் பெயர் விளங்கச் செய்தல், நம்மாழ்வார் திருவாய்மொழிக்கு விரிவுரை அமைத்தல் என்னும் மூன்று குறைகளையும் தீர்ப்பதாக இராமாநுசர் உறுதி கூற, விரல்கள் நிமிர்ந்தன என்பர். ஓர் ஆசிரியரோடு அவர்தம் கல்வியும் மறைந்துபோகத்தகும் வேளை அது. ஆயினும், ஆளவந்தார் தம் கல்வியை மாணாக்கர் பலர்க்கும் பகிர்ந்தளித்திருந்தார். பின்னர்த் துறவு பூண்டு அரங்கத்தை அடைந்த இராமாநுசர், பெரியநம்பி, திருக்கோட்டியூர்நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப் பெருமாளரையர், பெரிய திருமலைநம்பி என்னும் ஐவரையும் அடுத்து, ஒவ்வொருவரிடமும் இருந்த பகுதியைப் பெற்று ஒன்றாக்கினார்.

அவருள் திருக்கோட்டியூர்நம்பியிடம் திருமந்திரப் பொருளைக் கேட்கப் பதினெட்டு முறை நடந்தார் என்பது யாவரும் அறிந்த செய்தி. பிறர்க்கு உரைத்தல் கூடாதென்னும் ஆணையுடன் பெற்ற அப்பொருளை, அவர் விழைந்தோர் அனைவர்க்கும் வெளியிட்டார். ஆணை கடந்தார்க்கு நரகம் என்று குரு சினந்தபோது, தாம் ஒருவர் வீழ்ந்து பலர் உய்வது நன்றே என்று விடையிறுத்தார். குருவும் அவ்வருள் உள்ளத்தைக் கண்டு தழுவிக்கொண்டார். ஒரு சிலர் உள்ளத்தே பூட்டி வைத்த கல்வி, அச்சிலர் மறைய மறைந்தொழியும் என்பதனை அவர் நன்கு உணர்ந்திருந்தார் போலும்.

எதனைப் படிப்பது என்னும் வினாவுக்கு அவர் நூல்களே விடையாகும். சூத்திரங்களுக்குப் போதாயனர் இயற்றிய பழைய விருத்தியைக் காணும் பொருட்டுக் காசுமீரம் வரை சென்றார். கிடைத்த ஏட்டை உடையவர்கள் மீட்டுக்கொள்ள, உடன் சென்ற கூரத்தாழ்வான் அதனைப் படித்து நினைவில் வைத்திருந்தார் என்பர். அவரே ஏடெழுத, ஸ்ரீபாஷ்யம் பிறந்தது. கற்கத் தொடங்குவார்க்கு ஏற்ற வேதாந்தசாரம், அதனினும் விரிந்த வேதாந்ததீபம், கீதைக்குப் பாஷ்யம், வேதார்த்தசங்கிரகம், மூன்று கத்தியங்கள் என்பனவும் அவர் பெயரால் வழங்குகின்றன. தமிழறிந்தார் பொருட்டுத் திருக்குருகைப்பிரான் பிள்ளானைக் கொண்டு, திருவாய்மொழிக்கு முதல் உரையாகிய ஆறாயிரப்படியை எழுதுவித்தார்.

எவ்வாறு வணங்குவது என்னும் வினாவுக்கு, இல்லத்தில் நாடோறும் இறைவனை ஆராதிக்கும் முறையை வகுத்துரைக்கும் நித்தியம் என்னும் சிறு நூல் விடை கூறும். திருவரங்கக் கோயிலில் இன்னார் இன்ன பணி ஆற்றுதல் வேண்டும் என்று அவர் அமைத்த ஒழுங்கினைக் கோயிலொழுகு விரித்துரைக்கின்றது. சோழ மன்னன் ஒருவனால் இடர் நேர்ந்தபோது, கூரத்தாழ்வான் குருவின் வேடத்தில் அரசவை புக்குக் கண்ணிழந்தார். இராமாநுசர் மேலைநாடு சென்று, மேல்கோட்டையில் ஆலயம் நிறுவி, தாழ்த்தப்பட்டோர்க்கும் அங்கே வழிபடும் உரிமை நல்கினார் என்பது வரலாறு. யாரிடம் கேட்பது என்னும் வினாவுக்கு விடையாக எழுபத்து நான்கு ஆசிரியர்களை நாடெங்கும் நியமித்து, கி. பி. 1137-இல் அவர் திருநாடு எய்தினார் என்பர்.

இனி, முதலிற் குறித்த யவனர் நிலையை நோக்குவோம். அவர்கட்கு நூல்கள் இல்லாமல் இல்லை. கைகழுவித் தூயராய்த் தெய்வத்திற்கு மதுவார்க்கும் முறையை ஹீசியட் பாடியுள்ளார்; ஆர்பியத் துதிகள் பலவற்றில் இன்ன தெய்வத்திற்கு இன்ன தூபம் என்னும் குறிப்பு உண்டு; விழா நாட்களைக் கூறும் கல்வெட்டுக்களும் கிடைக்கின்றன. கி. பி. 485-இல் மறைந்த புரோக்ளஸ், ஏதென்ஸ் நகரத்தில் பிளேட்டோவின் நூல்களுக்கு உரையும் தெய்வங்களுக்குத் துதியும் இயற்றி, நம் ஆசாரியரைப் போலவே விளங்கினார். ஆனால், ஜஸ்டினியன் என்னும் கிறிஸ்தவச் சக்கரவர்த்தி 529-இல் அந்நகரில் தத்துவம் கற்பித்தலைத் தடுத்தான்; குருபரம்பரை அற்றது. 15-ஆம் நூற்றாண்டில் பிளெத்தோன் என்னும் அறிஞர் துதிகளும் விழா நாட்களும் அடங்கிய புதிய நூலொன்றை வகுக்க, அவர் இறந்தபின் கான்ஸ்டாண்டிநோபிள் பேராயர் அதனைத் தீக்கிரையாக்குவித்தார். சில பகுதிகளே எஞ்சின. கிறிஸ்தவக் கல்லூரியில் பயிலும் நாம் இவற்றை மறைத்தல் தகாது. ஒரு சமயத்தாரின் கல்வியை அழித்தலால் மற்றொரு சமயத்தின் மெய்ம்மை சிறிதும் வளர்வதில்லை. ஆதலின் இன்று அத்தெய்வங்களை வழிபடுவார், புலவர் பாட்டு, கல்வெட்டு, அகழ்வாராய்ச்சி அறிஞர் நூல் என்பவற்றினின்று வழிபாட்டு முறையைத் துண்டு துண்டாகச் சேர்க்கின்றனர். நூல் உண்டு, முறை பாதி உண்டு, கைப்பிடித்துக் கற்பிக்கும் வழிவழி ஆசிரியரோ இலர்.

இராமாநுசர் பிறந்த ஊரைச் சூழ இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் மோட்டார் வண்டிகள் உருவாகின்றன. அங்கே தொழில் பழகும் இளைஞனைக் கேட்டால், எந்திரத்தின் வரைபடமும் செய்முறைக் குறிப்பும் கையில் இருப்பினும், அருகே நின்று காட்டும் மூத்த தொழிலாளி இன்றித் தொழில் கைவராது என்று அவனும் கூறுவான். வழிபாட்டுக்கும் அஃதே. அத்தொழிற்சாலைகளின் நடுவே ஆதிகேசவப் பெருமாள் கோயிலில், உடையவர் வாழ்நாளிலேயே அமைந்ததாகக் கூறப்படும் தானுகந்த திருமேனியின் முன்னர், அவர் ஓதுவித்த பாசுரங்கள் இன்றும் ஓதப்படுகின்றன. அவற்றை ஓதுவார், தமக்குக் கற்பித்தவர் இன்னார், அவருக்குக் கற்பித்தவர் இன்னார் என்று சொல்ல வல்லர். யவனர் இழந்தது இதனையே. நூலகத்தில் நூல்களைச் சேர்ப்பதோடு நில்லாது, கற்றதனைக் கேட்பார்க்கெல்லாம் ஒளியாது உரைத்தலும் மாணவராகிய நம் கடமை என்பதனை இப்பெரியார் வாழ்வால் அறிந்து ஒழுகுவோமாக.