நெஞ்சின் ஒலி அறிந்தவர்

மருத்துவர் நம் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கும்பொழுது, அதனைக் கண்டறிந்தவர் எந்நோயால் மாண்டார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிரான்சு நாட்டின் பிரிட்டானிப் பகுதியிலுள்ள கெம்பேர் நகரில் 1781ஆம் ஆண்டு பிறந்தவர் ரெனே லென்னெக். ஐந்து வயதிலேயே தாயை இழந்தார். காசநோயே அதற்குக் காரணம் என்பர். நாந்த் நகரில் மருத்துவராயிருந்த சிற்றப்பாவிடம் வளர்ந்து, பாரிஸ் சென்று மருத்துவம் பயின்றார். புல்லாங்குழல் வாசிப்பதிலும் மரம் கடைவதிலும் அவருக்கு நாட்டம் மிகுதி.

அக்கால மருத்துவர் மார்பை விரலால் தட்டிப் பார்ப்பர். சிலர் நேரே காதை வைத்தும் கேட்பர். 1816ஆம் ஆண்டு இதயநோயுற்று வந்த இளம்பெண் ஒருவர் பருத்த உடலினர். தட்டிப் பார்த்தும் பயனில்லை. காதை வைப்பதோ முறையன்று. லென்னெக் தாள்களை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவர் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். நேரே கேட்பதைவிடத் தெளிவாகத் துடிப்பு கேட்டது. பின்னர் ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள மரக்குழலைத் தாமே கடைந்துகொண்டார்.

கருவியைவிட அவர்தம் உழைப்பே பெரிது. நெக்கர் மருத்துவமனையில் நோயாளரின் மூச்சொலிகளைக் குறித்து வைப்பார். அவர்கள் இறந்தபின் உடலைக் கூறாய்ந்து, எந்த ஒலி எச்சிதைவுக்கு உரியது என ஒப்பிடுவார். காசநோய் நுரையீரலை அரித்துக் குழியாக்கிய இடத்தில் குழலை வைத்தால், நோயாளியின் பேச்சு மார்பிலிருந்தே எழுவதுபோல் கேட்கும் என்று கண்டார். இவை 1819இல் நூலாயின. ஆயினும் அந்நோய்க்கு மனத்துயரே காரணம் என்றும் கடற்காற்றே மருந்து என்றும் அவர் நம்பினார். நோயாளர் கூடத்தில் கடற்பாசியையும் பரப்பி வைத்தார். நோய்க்கிருமியைக் காக் கண்டறிந்தது 1882இல்தான்.

நூல் முடிந்ததும் உடல் தளர்ந்து ஊர் திரும்பினார். ஓய்வில் தேறி மீண்டும் பாரிஸ் சென்று பேராசிரியரானார். 1826இல் நூலின் இரண்டாம் பதிப்பை முடிக்குமுன்பே இருமலும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் அவரை வாட்டின. மருத்துவரான தம்பி மகன்போன்ற நெருங்கிய உறவினர் மெரியாடெக்கை அழைத்துத் தம் மார்பில் குழலை வைத்துக் கேட்கச் செய்தார். அவர் கேட்டுக் கூறிய ஒலிகள் லென்னெக் தம் நூலில் விரித்துரைத்தவையே. பிறருக்கு எத்தனையோ முறை கூறிய முடிவு இப்போது தமக்கு.

பிரிட்டானியிலுள்ள தம் இல்லத்திற்குச் சென்று, அவ்வாண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் இயற்கை எய்தினார். அகவை 45. தம் மரக்குழலை மெரியாடெக்குக்கு உரியதாக விருப்பமுறியில் எழுதி வைத்திருந்தார்.