படுக்கையில் மலர்ந்த கலை

தூரிகை பிடித்து நிற்கும் பலத்தை நோய் பறித்துவிட்டால், ஓர் ஓவியனின் கலை அத்தோடு முடிந்துவிடுமா? இல்லை என்பதற்குப் பிரான்சு தேசத்து ஓவியர் ஹென்றி மத்தீஸின் வாழ்வே சான்று.

இவர் 1869 டிசம்பர் 31ஆம் திகதி வட பிரான்சில் பிறந்தார். தந்தை தானிய வியாபாரி. இளமையில் சட்டம் பயின்று, ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக அமர்ந்தார். இருபது வயதளவில் குடல்வால் நோயினால் படுக்கையில் விழுந்த மகனுக்குப் பொழுதுபோக்காகத் தாய் ஒரு வர்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெட்டி அவருடைய பாதையையே மாற்றிற்று. 1891இல் ஓவியம் கற்கப் பாரிசுக்குச் சென்றார்.

புகழ் வந்தது, மன அமைதி வரவில்லை. தூக்கமின்மை அவரை வாட்டியது. வரைந்ததை அழிப்பார், மீண்டும் வரைவார். 1935இல் ஒரே ஓவியத்தை மாதக்கணக்காக இருபது தடவைக்கு மேல் மாற்றினார்.

1941இல் லியோன் நகரில் குடற்புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை நடந்தது. உயிர் தப்பினார், ஆனால் முன்போல் நெடுநேரம் நின்று வரைய முடியவில்லை. படுக்கையும் சக்கர நாற்காலியுமே கதியாயின.

அப்போது கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். உதவியாளர்கள் தாள்களுக்கு வர்ணம் பூசிக் கொடுப்பார்கள். இவர் முன்கூட்டிக் கோடு கீறாமல், கை போன போக்கில் வெட்டுவார். வெட்டிய இலைகளும் பறவைகளும் சுவரில் குத்தப்பட்டு, பொருத்தமான இடம் கிடைக்கும்வரை இடம் மாறும். இவ்வாறு பிறந்த 20 படங்களுடன் 1947இல் 'ஜாஸ்' என்ற நூல் வெளிவந்தது.

இதைக் கவலையீனம் என்று எண்ணிவிடாதீர்கள். அப்பம் சுடும் தாய் மாவை அளந்தா ஊற்றுகிறார்? பல்லாண்டுப் பழக்கத்தால் கை அறிந்துவிடுகிறது. மத்தீஸின் கைக்குப் பின்னாலும் ஐம்பது வருட உழைப்பு இருந்தது.

1942இல் அவரைப் பராமரித்த இளம் தாதி ஒருவர், பின்னர் சாமிநாதர் சபைக் கன்னியராகிச் சகோதரி ஜாக்-மரி எனப் பெயர் பெற்றார். வான்ஸ் என்ற ஊரில் அவருடைய சபையினருக்கு ஒரு சிற்றாலயம் தேவைப்பட்டது. சமயக் கடமைகளை அனுசரித்து வாழ்ந்தவரல்லாத மத்தீஸ், தமது கடைசிப் பலத்தையெல்லாம் அதற்கே கொடுத்தார். மஞ்சள், பச்சை, நீலக் கண்ணாடி யன்னல்களின் மாதிரிகளைத் தாளில் வெட்டி அமைத்தார். நீண்ட மூங்கில் தடியின் நுனியில் கரித்துண்டைக் கட்டிப் பெரிய உருவங்களைப் பழகினார். தேவ அன்னை, புனித சாமிநாதர் உருவங்களைத் திரும்பத் திரும்ப வரைந்து, மனதில் பதிந்தபின் வெள்ளை ஓடுகளில் கறுப்புக் கோடுகளாகத் தீட்டினார். சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் ஒரே சுவரில் அமைந்தன.

1951 யூன் 25இல் அந்தச் செபமாலைச் சிற்றாலயம் அபிஷேகிக்கப்பட்டது. சுகவீனம் காரணமாக மத்தீஸால் சமுகமளிக்க முடியவில்லை. 1954 நவம்பர் 3ஆம் திகதி, 84ஆவது வயதில், நீஸ் நகரில் காலமானார்.

அன்பர்களே, பாட்டோ, தையலோ, படமோ, உங்கள் கையிலுள்ள கலை எதுவாயினும் பொறுமையோடு பழகுங்கள். நன்கு பழகிய பின் பயத்தை விட்டுக் கையை அதன் போக்கில் விடுங்கள். முதுமையிலும் நோயிலும் இருப்பவர்களின் காலம் முடிந்ததென்று எவரும் சொல்லவேண்டாம். மத்தீஸின் கலை புதிதாய் மலர்ந்தது எழுபது வயதுக்குப் பின்னரே.